கிரேவி என்ன ஜாதி நாய்?

இன்வர்கார்கில், நியூசிலாந்து
மார்ச் 4

லீத் மாமாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் ரிசீவரை நாயின் காதருகே வைத்துவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டீர்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் கிரேவியிடமே சொல்லி முடித்தேன். அவன் குறுக்கே பேசவில்லை. அந்த உரையாடலில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். இனிமேல் உங்களோடு எழுத்தில் மட்டும் பேசுவது என்று வைத்திருக்கிறேன். இதையும் அவனிடம் கொடுத்தால் தின்றுவிடுவான். அதனால் நகல் எடுத்துக்கொண்டேன்.

ஆறு மாதம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அவனை உங்களிடம் விட்டேன். இரண்டு வருடம் ஆகிவிட்டது. அதில் பாதித் தவறு என்னுடையது. இங்கே நான் இருந்த முதல் இரண்டு வீடுகளிலும் நாய் கூடாது என்றார்கள். இப்போது கிடைத்திருப்பது சின்ன வீடு, பெரிய கொல்லை, உயரமான வேலி. வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார். பால்பவுடர் தொழிற்சாலைச் சோதனைக்கூடத்தில் எனக்கு நாலு மணிக்கு வேலை முடிந்துவிடுகிறது. குளிர்காலத்தில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு. ஜூனில் வந்து அவனை அழைத்துப் போகிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். உங்கள் ஊர் கவுன்சில் பதிவில் நாயின் இனம் என்ற இடம் காலியாக இருக்கிறது. அது காலியாக இருந்தால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பதிவு என் பெயரில் இருப்பதால் உங்களுக்கு ஓர் அதிகாரக் கடிதம் இணைத்திருக்கிறேன். அதைக் காட்டி, 'கலப்பு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மாட்டு டாக்டர் ஹாலோரனிடம் அவனைக் கூட்டிப்போய்ப் பூச்சி மருந்து கொடுக்கச் சொல்லி ஒரு சான்று வாங்குங்கள்.

காயடிக்கிற வேலையை நீங்கள் முன்பே முடித்துவிட்டது நல்லதாகப் போயிற்று.

டாம்சின்


குரண்டூல், நியூ சவுத் வேல்ஸ்
மார்ச் 19

என் குலக்கொழுந்தே, தென்துருவத்தின் பக்கத்து வீட்டுக்காரியே, மருமகள் டாம்சினே,

உன் கடிதத்தைச் சுமந்து வந்த தபால் வண்டி எங்கள் வாசலில் டயர் வெடித்து நின்றது. அவ்வளவு கனம் அதில். படித்து முடித்ததும் நான் மூன்று நாள் ஆகாரம் இல்லாமல் கிடந்தேன். நடுவில் சாப்பிட்ட ஆட்டுக்கறி, வேகவைத்த உருளைக்கிழங்கு, இரண்டு ஆப்பிள் கேக் நீங்கலாக.

கிரேவிப் பிரபு சௌக்கியம். இந்த இரண்டு வருடத்தில் அவன் எப்படி வளர்ந்திருக்கிறான் என்று உனக்குத் தெரியாது. போன வாரம் ஒரு கொட்டாவி விட்டான். பக்கத்து ஊர் மரமில்லில் சங்கு ஊதிவிட்டதென்று நினைத்து ஆட்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாலை ஆட்டினால் தண்ணீர்த் தொட்டியில் அலையடிக்கிறது. வெயில் நேரத்தில் அவன் நிழலில் செம்மறிகள் வரிசை கட்டி நிற்கின்றன. முன்பதிவு செய்துகொண்டு வரச்சொல்லலாமா என்று யோசிக்கிறேன்.

நிற்க. நீ சொன்னபடி கவுன்சிலுக்குப் போனேன். சவரம் செய்துகொண்டு, டை கட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் நகத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன ஜாதி நாய்ங்க?" என்றாள்.

"நீயே சொல்லேன். என்ன ஜாதியா இருக்கும்னு நெனைக்கிறே?"

"எனக்கு எப்படித் தெரியும்? பேனா அங்க இருக்கு. சீக்கிரம் எழுதுங்க, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

பின்னால் ஒருவரும் இல்லை. ஆனாலும் அவள் சொன்ன தோரணையில் எனக்கு வியர்த்துவிட்டது. பேனாவை எடுத்தேன். 'கலப்பு' என்றுதான் எழுதப் போனேன், டாம்சின். அப்போது சத்தியம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. அந்தத் தலையைப் பார்த்தாயா? அந்தத் தாடையை? அந்த மார்பை? அதில் ஒரு பியானோவை வைத்து வாசிக்கலாம். பொய் எழுத என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. 'பிட்புல், சுத்தம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இதில் ஒரே ஒரு சங்கடம். உன் புதுத் தேசத்துச் சர்க்கார் அந்த ஜாதி நாயைக் கரையிறங்க விடுவதில்லையாம். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. நூலகத்தில் வேறு எதையோ தேடப்போனபோது அந்தச் சட்டப் புத்தகம் தானாகவே என் மடியில் விழுந்தது. நான் எவ்வளவு வருந்தினேன் என்று நூலகத்து அம்மாளைக் கேட்டுப் பார். சட்டம் சட்டம்தானே. நாம் என்ன செய்ய முடியும்.

உன் துயரத்தில் பெரும் பங்கு ஏற்கும்,
லீத் மாமா

பி.கு. கிரேவி உன்னை விசாரித்தான். அவசரமில்லை என்றும் சொன்னான்.


இன்வர்கார்கில்
மார்ச் 30

மாமா,

இரண்டு வருடமாக நீங்கள் எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். கிரேவி ஒரு கடிதத்தில் கன்றுக்குட்டிக்கும் சோபாவுக்கும் பிறந்தவன். இன்னொன்றில் தாய்வழியில் கடல்சிங்கம். போன கிறிஸ்துமஸுக்கு வந்ததில் ஒரு பிஷப்பின் மறுபிறப்பு. பிட்புல் என்று ஓர் இடத்தில்கூட இல்லை.

பேக்கரிப் பின்கட்டில் குழம்புச் சட்டிக்குள் தலை மாட்டிக்கொண்டு கிடந்த குட்டியை வெளியே எடுத்தது நான். பேரும் அதனால்தான் வைத்தேன். அவன் தாய், ஆடு மேய்க்கிற கெல்பி ஜாதி நாய். பேக்கரிக்காரர் அதைப் பார்த்திருக்கிறார். தந்தை யாரென்று ஊரில் எவருக்கும் தெரியாது.

தெரிந்தேதான் எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றி வாதம் செய்யப் போவதில்லை. ஒரு கேள்வி மட்டும். அந்த ஜாதியை எழுதிக் கொடுத்தால் உங்கள் மாநிலத்தில் என்ன செய்வார்கள் என்பது உங்கள் மடியில் விழுந்த புத்தகத்தில் அடுத்த பக்கத்தில் இருந்திருக்கும். அந்தப் பக்கத்தைப் படித்தீர்களா?

டாம்சின்


குரண்டூல்
ஏப்ரல் 12

தீர்க்கதரிசனம் மிக்க மருமகளே,

படிக்கவில்லை. ஆனால் அடுத்த பக்கம் காலில் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டது. அதன் பெயர் டெஸ் ப்ரூவிட். உனக்கு ஞாபகம் இருக்கும், கவுன்சில் ரேஞ்சர். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், வகுப்பில் பாதி இடத்தை அவனே அடைத்துக்கொண்டிருப்பான். தெருநாய், திரியும் ஆடு, அனுமதியில்லாத தீ எல்லாம் அவன் ஆட்சியில்தான் வருகின்றன.

"லீத், ஒன் நாய் பிட்புல்லுன்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியாமே."

"ஆமா. ஊருக்கே பெருமைதானே?"

"பெருமைதான். கூண்டு எங்க?"

"எந்தக் கூண்டு?"

அவன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தான். அரசர்களுக்குக்கூட அவ்வளவு நீளமாக யாரும் வாசித்திருக்க மாட்டார்கள். சிமென்ட் தரை போட்ட கூண்டு. பூட்டு. வாசலில் 'எச்சரிக்கை, ஆபத்தான நாய்' என்று பலகை. கழுத்தில் சிவப்பும் மஞ்சளும் பட்டை பட்டையாகப் போட்ட வார். கூண்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தால் வாய்க்கூடும் சங்கிலியும். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். கடைசி வரியில் கழுத்து நின்றுவிட்டது.

"டெஸ், அந்தக் கடைசி வரிய இன்னொரு தரம் படி."

"காயடிக்கணும். நாலு வாரத்துக்குள்ள. டாக்டர் சர்டிபிகேட்டோட."

"யாருக்கு?"

"சட்டத்துல நாய்க்குன்னுதான் இருக்கு. ஒனக்கும் சேர்த்துப் பண்ணலாம்னா கையெழுத்துப் போட ஊர்ல ஆள் ரெடியா இருக்கு."

"பண்ணலேன்னா?"

"பண்ணலேன்னா நான் வந்து கூட்டிட்டுப் போகணும் லீத். கூட்டிட்டுப் போனா திரும்பி வராது. வெளையாட்டில்ல."

இந்தப் பேச்சு நடந்த நேரம் முழுவதும் ஆபத்தான நாய் டெஸ்ஸின் பூட்ஸ் மேல் தாடையை வைத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். டெஸ் வழக்கம்போலத் தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். பிறகு வாய்க்கூட்டை எடுத்துத் தரையில் வைத்தான். விளையாட்டுச் சாமான் என்று நினைத்து கிரேவி அதைக் கவ்விக்கொண்டு கொல்லைக்கு ஓடிவிட்டான். கொல்லையில் கோழி நின்றது. கோழியைக் கண்டதும் வாய்க்கூட்டைப் போட்டுவிட்டு என் காலுக்கிடையில் வந்து நின்றான். இந்தக் காட்சியையெல்லாம் பார்த்துவிட்டு டெஸ் தன் குறிப்பில் 'மூர்க்கம்: இன்னும் தெரியவில்லை' என்று எழுதினான்.

கூண்டைக் கட்டினேன். சிட்னிப் பாலத்துக்குக்கூட அவ்வளவு இரும்பு போயிருக்காது. சிமென்ட்டைக் கொட்டிக் காயவைத்து, கிரேவியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். அவன் குரைக்கவில்லை. கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டான். மதியம் வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தான். எச்சரிக்கைப் பலகையையும் சட்டத்தையும் இன்னொரு தடவை கூர்ந்து படித்துப் பார்த்தேன். நாய் உள்ளே இருக்க வேண்டும் என்று இருக்கிறதே தவிர, நான் வெளியே இருக்க வேண்டும் என்று ஓர் இடத்திலும் இல்லை. ஆகவே நாற்காலி, ரேடியோ, தேநீர்க் கெட்டில் சகிதம் நானும் உள்ளே குடியேறிவிட்டேன். தெருவில் போகிறவர்கள் முதலில் பலகையைப் படிக்கிறார்கள், பிறகு என்னைப் பார்க்கிறார்கள், பிறகு மறுபடியும் பலகையைப் படிக்கிறார்கள்.

பப்பில்தான் ஒரு சிறு பின்னடைவு. கிரேவி எந்தக் கூட்டத்திலிருந்து வந்தவன் என்று அங்கே இரண்டொரு சேதி சொல்லி வைத்திருந்தேன். காட்டுப்பன்றியை ஒரே கடியில் இரண்டாக்கினான், ஒரு பாதி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்கிற மாதிரி. எல்லோரும் ரசித்துத்தான் கேட்டார்கள். அடுத்த நாள் நோலீன் கதவிலேயே நிறுத்திவிட்டாள். முப்பது வருடமாக அந்த பப்பை நடத்துகிறவள், என்னை அவள் நிறுத்தியது அதுதான் முதல் தடவை.

"நீ வா. அவன் வேண்டாம்."

"நோலீன், அம்பு எறியிற பலகைக்குக் கீழதானே அவன் தூங்குவான்? அது அவன் எடம்."

"பன்னிய ரெண்டாக் கடிச்சவனுக்கு இன்சூரன்ஸ்காரன் எடம் குடுக்க மாட்டான். நீதானே சொன்னே?"

நான்தான் சொன்னேன்.

காயடிப்பு விஷயத்தில் உனக்கு ஏதோ குழப்பம் ஏற்பட்டிருக்கும். அதற்கு மிக எளிய விளக்கம் இருக்கிறது. அதை இங்கே விரிவாக எழுதலாமென்று பார்த்தால் காகிதம் தீர்ந்துவிட்டது.

கம்பிகளுக்குப் பின்னாலிருந்து,
லீத் மாமா


இன்வர்கார்கில்
ஏப்ரல் 24

மாமா,

நான் ஒரு காகிதம் அதிகமாக வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் ஆகஸ்டில் நீங்கள் எழுதியது இது:

'அறுவை இனிதே முடிந்தது. இரண்டையும் வெள்ளித் தட்டில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுபோனோம். தீயணைப்பு நிலையத்து வாத்தியக்காரர்கள் மெதுவான மெட்டு வாசித்தார்கள். நோலீன் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கினாள். டாக்டர் ஹாலோரன் நாலு வார்த்தை பேசுவதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.'

ஊர்வலத்தை நான் நம்பவில்லை. அறுவையை நம்பினேன். இந்தக் கடிதத்தைச் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். டாக்டருக்கு ஒரு நன்றி அட்டையும் அனுப்பினேன். அவர் பதில் போடாதது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

சரி. உங்கள் கவுன்சிலுக்குத் தொலைபேசி செய்து கேட்டுக்கொண்டேன். இந்த அறிவிப்பை மாற்றலாம். இனம் பார்த்துச் சொல்ல அங்கீகாரம் பெற்ற ஒரு மதிப்பீட்டாளர் வந்து நாயைப் பார்ப்பார். பிட்புல் இல்லை என்று அவர் எழுதினால் கூண்டு, வார், வாய்க்கூடு எதுவும் வேண்டாம். ஆனால் அவர் வருவதற்கு முன்னால், இனத்தை எழுதிக் கொடுத்த ஆள், தான் எழுதியது உண்மையில்லை என்றும் ஏன் அப்படி எழுதினார் என்றும் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டும். அதாவது நீங்கள்.

கொடுத்தால் அவன் என்னோடு வரலாம். கொடுக்காவிட்டால் அவன் அங்கேதான் இருப்பான், நீங்கள் நினைத்த மாதிரியே. கூண்டில்.

காயடிப்பு இரண்டிலும் உண்டு. பிட்புல்லாக இருந்தால் சட்டத்துக்காக. இல்லாவிட்டால் நீங்கள் எனக்குச் சொன்ன வார்த்தைக்காக.

பதிவு என் பெயரில் இருப்பதால் நான் அங்கே வந்து சண்டை போடலாம் என்று கவுன்சிலில் சொன்னார்கள். போடப்போவதில்லை. எழுதியது உங்கள் கை. என்ன செய்வதென்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

நாய்ப்படுக்கை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். இப்போதைக்குக் காலணிகளை அதில் வைக்கிறேன்.

டாம்சின்


குரண்டூல்
மே 5

கல்நெஞ்சுக்காரியே,

முடியாது.

லீத் கேரிட்டி என்கிறவன் எழுதியதை அழித்ததாகச் சரித்திரம் இல்லை. நானும் பிரபுவும் கூண்டில் சக்கரவர்த்திகளாக இருக்கிறோம். சிமென்ட் தரை இடுப்புக்கு நல்லது என்று கேள்வி. ரேடியோ கம்பியில் பட்டு வானிலை அறிக்கை முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது. இப்போது பனி, நாளைக்கும் பனி, நாளை மறுநாள் அதைவிட நல்ல பனி. காயடிப்புக்கு நாள் நெருங்குகிறது என்று டெஸ் ஞாபகப்படுத்திவிட்டுப் போனான். வரட்டும். வாசலில் அகழி வெட்டி முதலை விடலாமென்று இருக்கிறேன்.

தினமும் காலையில் சட்டப்படி வாரும் வாய்க்கூடும் சங்கிலியும் போட்டு நடத்திக்கொண்டு போகிறேன். பள்ளிக்கூடம் வழியாகத்தான் போவோம். அந்தப் பிள்ளைகள் வேலியிடுக்கில் ரொட்டித் துண்டு நீட்டுவார்கள் என்று எழுதியிருந்தேனே. இப்போது எதிர்ச்சாரியில் போகிறார்கள். அவன் பழைய இடத்தில் போய் நின்றுகொள்கிறான், இழுத்தாலும் வருவதில்லை.

பந்தைக் கவ்வ முடியவில்லை, வாய்க்கூடு தடுக்கிறது. அதனால் முட்டித் தள்ளிக்கொண்டே என்னிடம் கொண்டு வருகிறான்.

இவ்வளவுதான் விசேஷம்.

லீத்


குரண்டூல்
மே 27

டாம்சின்,

உன்னிடமிருந்து பதில் இல்லை. எதிர்பார்க்கவுமில்லை.

காயடித்தாகிவிட்டது. கெடுவுக்குள் முடிந்தது. டாக்டர் ஹாலோரன் கொடுத்த சான்றை இத்துடன் வைத்திருக்கிறேன். ஊர்வலம் எதுவும் இல்லை. வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன், கூட்டிக்கொண்டு வந்தேன். மயக்கம் தெளியாமல் என் தொப்பி மேல் படுத்துக்கொண்டான். உன் நன்றி அட்டை டாக்டரிடம் இருக்கிறது. எதற்கு வந்ததென்று அவருக்குப் புரியவேயில்லையாம். மருந்து அலமாரியில் ஒட்டி வைத்திருக்கிறார்.

பத்திரமும் கொடுத்துவிட்டேன். குரண்டூலில் உறுதிமொழிக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவள் நோலீன் ஒருத்திதான். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பப்புக்குத்தான் போகவேண்டியிருந்தது. எல்லோரும் இருந்தார்கள். டெஸ்ஸும் இருந்தான்.

"சத்தமாப் படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு" என்றாள்.

"சத்தமாப் படிக்கணும்னு சட்டத்துல இல்லையே நோலீன்."

"பன்னிக் கதைய சத்தமாத்தானே சொன்னே?"

படித்தேன். இந்த நாயின் தந்தை யாரென்று எனக்குத் தெரியாது. இவன் எந்தப் பன்றியையும் கடித்ததில்லை. கோழிக்குப் பயப்படுவான். பிட்புல் என்று நான் எழுதியது உண்மையில்லை.

"ஏன் எழுதினேன்னு ஒரு எடம் காலியா இருக்கே" என்றாள். "அதையும் எழுது. இல்லேன்னா திருப்பி அனுப்பிருவாங்க."

'நாய் என்னை விட்டுப் போகாமல் இருப்பதற்காக' என்று எழுதினேன். அதை நான் படிக்கவில்லை. அவள் பார்த்துவிட்டு முத்திரை போட்டாள். யாராவது ஏதாவது கிண்டல் செய்திருக்கலாம். செய்யவில்லை. டெஸ் எனக்கு ஒரு பியர் வாங்கி வைத்துவிட்டு அம்பு எறியப் போய்விட்டான்.

மதிப்பீட்டாளர் அம்மாள் டப்போவிலிருந்து திங்கட்கிழமை வந்தார். தலையை டேப் வைத்து அளந்தார், பல்லைப் பார்த்தார், வாலைப் பார்த்தார், கொஞ்ச தூரம் நடக்கவிட்டார். கோழி வந்தது. கிரேவி அந்த அம்மாளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான்.

"என்ன ஜாதிங்க?" என்று கேட்டேன்.

"நாய்தான். அதுவரைக்கும் உறுதியாச் சொல்லலாம்" என்றார். 'கலப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

டெஸ் வந்து வாரைக் கழற்றினான். பதிவைத் திருத்தியாகிவிட்டது. விமானப் பெட்டி வந்துவிட்டது. உள்ளே என் பழைய கோட்டைப் போட்டு வைத்திருக்கிறேன், பழகட்டும் என்று.

சில விஷயங்கள். இடி இடித்தால் குளியலறைக்குப் போய்விடுவான், கதவைத் திறந்து வை. கறியில் கொழுப்பை எடுத்துவிடு. ராத்திரி ரேடியோவை மெதுவாக ஓடவிட்டால் தூங்குவான், பாட்டு வேண்டாம், யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும். அக்கம்பக்கத்தில் கோழி வளர்க்கிறார்களா என்று பார்த்துக்கொள்.

எந்தத் தேதி வருகிறாய் என்று எழுது.

மாமா


இன்வர்கார்கில்
ஜூன் 6

கோழிகளால் வெல்லப்பட்ட கிரேவிப் பிரபுவின் அரண்மனைக் காவலரே, குரண்டூல் கூண்டின் சக்கரவர்த்தியே, என் மாமாவே,

மிகப் பெரிய துயரச் செய்தி ஒன்றைத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இதை எழுதுகிற பேனா மூன்று தடவை மயங்கி விழுந்தது. தண்ணீர் தெளித்து எழுப்பியிருக்கிறேன்.

நாய் கரையிறங்க இந்த ஊர்ப் பக்கத்திலும் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். அதற்காக அலுவலகம் போயிருந்தேன். அங்கே இருந்த அதிகாரி ஏழடி உயரம். உட்கார்ந்திருக்கும்போதே ஏழடி. நின்றால் வானிலை மாறுமாம்.

"என்ன ஜாதி?" என்று கேட்டார்.

உங்கள் பத்திரத்தின் நகலும் மதிப்பீட்டாளரின் சான்றும் கைப்பையில் இருந்தன. கவுன்சிலிலிருந்து அனுப்பியிருந்தார்கள். பத்திரத்தை வழியில் பேருந்தில் படித்தேன், நோலீன் முத்திரை போட்ட வரி வரைக்கும். 'கலப்பு' என்றுதான் எழுதப் போனேன், மாமா. சத்தியம் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. இந்தச் சத்தியம் நம் குடும்பத்தில் எல்லோர் மணிக்கட்டையும் இழுக்கும் போலிருக்கிறது. 'பிட்புல், சுத்தம்' என்று எழுதினேன். அது போதாதென்று பட்டது. தந்தை பிட்புல், தாய் சிங்கம், தாய்வழிப் பாட்டன் நீராவி எஞ்சின் என்று ஓரத்தில் சேர்த்தேன்.

அதிகாரி படித்துவிட்டு எழுந்து நின்றார். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"இந்த ஜாதி நாய இங்க எறக்க முடியாதும்மா. தெரியும்ல?"

"தெரியாதுங்களே."

"காயடிச்சிருந்தாலும் முடியாது."

"அடப் பாவமே."

"கையெழுத்துப் போட்டா அப்புறம் மாத்த முடியாது. நல்லா யோசிச்சுட்டியா?"

யோசித்திருந்தேன். கையெழுத்துப் போட்டேன். ஆகவே கிரேவி இனி எந்தக் காலத்திலும் இந்தத் தேசத்துக்கு வர முடியாது. கடலுக்கு அந்தப் பக்கம் அவன் கலப்பு, இந்தப் பக்கம் பிட்புல். சட்டம் சட்டம்தானே. நாம் என்ன செய்ய முடியும்.

ஜூன் 20 நான் மட்டும் வருகிறேன். ஒரு வாரம் இருப்பேன். கூண்டைப் பிரிக்க வேண்டாம், உள்ளே இன்னொரு நாற்காலி போடுங்கள். படுக்கையைக் கொண்டுவருகிறேன். கொஞ்சம் காலணி வாடை வரும், அவன் தப்பாக நினைக்க மாட்டான்.

அதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் கூப்பிடுகிறேன். ரிசீவரை அவன் காதில் வைத்துவிட்டு நீங்கள் கோழிக்குத் தீனி போடப் போங்கள். அவனிடம் நான் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

டாம்சின்